கீழத்தெருக் கிணறும் எங்கள் அம்மாவும்

எங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் மகளின் வணக்கம். அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா. யார் மனசும் நோவக் கூடாது." முதல் பாதியைச் செய்துவிடுவேன். இரண்டாவது பாதிக்கு என்னால் உறுதி தர முடியாது. பெரியப்பாவும் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அம்மா ஐயம்பேட்டையில் பிறந்தார். நான்கு பெண்களில் மூன்றாவது. அவருடைய தகப்பனார் தபால்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தைப் படித்துச் சொல்லும் வேலை, அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் இந்த மூன்றாவது பெண் கைக்கு வந்துவிடுமாம். எட்டாவது வரை படித்தார். அதற்கு மேல் படிக்க வைக்கக் காஞ்சிபுரம் அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. பதினெட்டாவது வயதில் முசரவாக்கத்தை அடுத்த எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தார்.

ஊர் என்றால் அப்போது இரண்டு தெருவும் ஒரு ஏரியும்தான். மேலத்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தோம். கீழத்தெருவில் கூலி வேலைக்குப் போகிறவர்களும், காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களிடம் பட்டு இழை வாங்கி வந்து சுற்றிக் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் அவருடைய அண்ணனும் பாகம் பிரிக்காமல் ஒன்றாக இருந்தார்கள். பெரியம்மா பிள்ளை இல்லாமலே சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால், பெரியப்பாவுக்கும் சேர்த்து அம்மாதான் சமைத்தார்.

கணவனின் அண்ணனான மூத்தார் எதிரில் நிற்கக் கூடாது, அவரோடு பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தாரும் தம்பி பெண்சாதியிடம் நேராகப் பேச மாட்டார். நடுவில் ஆள் இருந்தால் ஆள் வழியாகப் பேச்சு போகும். ஆள் இல்லாவிட்டால் அம்மா கதவைப் பார்த்து "சோறு போட்டாச்சு" என்பார். பெரியப்பா கூரையைப் பார்த்து "மோர் இருக்குதா?" என்பார். எங்களுக்குச் சிறுவயதில் இது ஒரு விளையாட்டாகவே இருந்தது. கதவும் கூரையும் நல்ல வேலைக்காரர்கள், ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

பெரியப்பாதான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பிரசிடெண்ட். அவர் செய்த நல்லதை மறைத்தால் எனக்குப் பாவம். தெருவிளக்கு அவர் காலத்தில்தான் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் ரேடியோப் பெட்டி வந்ததும் அவர் காலத்தில்தான். சாயங்காலமானால் மேலத்தெரு ஆண்கள் வாசலில் உட்கார்ந்து செய்தி கேட்பார்கள். பிள்ளைகள் பாட்டுக்காகக் காத்திருப்போம். செய்தி முடிந்ததும் கிளார்க்கு ரேடியோவை அணைத்துப் பூட்டிவிடுவார். பஞ்சாயத்து எடுத்த முடிவுகள் மறுநாள் காலை தண்டோரா போட்டுத் தெரிவிக்கப்படும். அடுத்தவன் பயிரை மேய்ந்த மாடுகளை அடைக்கும் பவுண்டுக்கு, விதியை எழுதிய பெரியப்பாவின் காளையே முதல் விருந்தாளியாகப் போன கதையை ஊரே பல நாள் சொல்லிச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே அபராதம் கட்டி மீட்டு வந்தார்.

தேர்தலில் பெண் யாரும் வராவிட்டால் ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. எங்கள் ஊரில் எந்தப் பெண் தேர்தலில் நிற்கப் போகிறாள்? பெரியப்பா அப்பாவிடம், "ஊட்டுலயே படிச்ச பொண்ணு இருக்குது. வெளிய எதுக்குப்பா தேடிக்கினு?" என்றாராம். அப்பா தலையாட்டினாராம். அம்மாவை யாரும் கேட்கவில்லை. ஒருநாள் கிளார்க்கு தீர்மானப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்று, "மெம்பரம்மா, கையெழுத்து" என்றபோதுதான் தாம் மெம்பர் என்பதே அம்மாவுக்குத் தெரியும்.

பிரசிடெண்ட் மூத்தார். அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் அம்மா நிற்கவே முடியாது. அப்புறம் எப்படிக் கூட்டத்துக்குப் போவது? ஆகையால் கூட்டம் ஆபீஸில் நடக்கும், மெம்பர் வீட்டில் இருப்பார், சாயங்காலம் புத்தகம் வீட்டுக்கு வரும். எட்டாவது படித்த அம்மா, ஊர்க் கடிதங்களையெல்லாம் வரி விடாமல் படித்த அம்மா, அந்தப் புத்தகத்தை மட்டும் படிக்காமல் கையெழுத்திட்டார். படித்தால் மூத்தாரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்று நினைத்தார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லியிருக்கிறார்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம், ஊருக்குக் குடிநீர்க் கிணறு வெட்ட அரசாங்கப் பணம் வந்தது. மேலத்தெருவில் ஏற்கெனவே இரண்டு கிணறு இருந்தன. கீழத்தெருவில் ஒன்றுகூட இல்லை. கோடையில் அந்தப் பெண்கள் வறண்ட ஏரிக்குள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் முகந்து முகந்து குடத்தை நிரப்புவார்கள். அந்தத் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வயிற்றுப்போக்கு வரும். இரண்டு பிள்ளைகள் இறந்தும் போயின. அந்தக் கிணறு கீழத்தெருவுக்குத்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

கிளார்க்கு புத்தகம் கொண்டு வந்த அன்றைக்கு அம்மா கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கிளார்க்கு விரல் வைத்த இடத்தில் கையெழுத்திட்டு, நெல் குழைந்துவிடும் என்று ஓடினார். மறுநாள் காலை தண்டோராக்காரர் தெருவில் சொன்னதைக் கேட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். புதுக் கிணறு மேலத்தெருக் கோடியில், எங்கள் களத்துமேட்டுக்குப் பக்கத்தில்.

கீழத்தெரு அஞ்சலை அக்கா அன்று மத்தியானம் கொல்லைக் கதவண்டை வந்து நின்றார். எங்கள் வயலில் நடவுக்கு வருகிறவர். இறந்த பிள்ளைகளில் ஒன்று அவருடையது.

"நீங்களே இப்டி பண்ணலாமா சின்னம்மா? பொம்பள ஒருத்தி உள்ள இருக்கறாங்க, நம்ம கஷ்டம் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தோம். கையெழுத்து போட்டுக் குடுத்துட்டீங்களாமே."

"நான் படிக்கலம்மா அஞ்சல. சத்தியமா படிக்கல."

"ஊரு காயிதம் எல்லாம் படிப்பீங்க. எங்க காயிதத்த மட்டும் படிக்கலியா?"

அஞ்சலை அக்கா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து பத்து நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியப்பாவிடம் எடுத்துச் சொல்லும்படி அப்பாவைக் கெஞ்சினார். அப்பா தைரியமாகத்தான் கிளம்பினார். அரைமணி நேரம் கழித்து உர மூட்டை விலையைப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். அண்ணன் எதிரில் அப்பாவுக்கு வாயிலிருந்து வேறு எதுவும் வந்ததில்லை. பிறகு அம்மா ராஜினாமா எழுதி, பெரியப்பாவின் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பெரியப்பா கூரையைப் பார்த்து, "இந்த ஊட்டுலருந்து ராஜினாமா போனா ஊரு என்ன பேசும்? மெம்பரு மெம்பராவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். இருக்கவும் முடியாது, விலகவும் முடியாது, பேசவும் முடியாது. என் அம்மாவை அப்படி ஒரு மூலையில் நிற்க வைத்தார்கள். வைத்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டு மனிதர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

கிணற்றுக்கு இடம் குறிக்க யூனியன் ஓவர்சியர் வந்த நாளில் அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு புறப்பட்டார். "வாடி" என்று என்னையும் அழைத்துக்கொண்டார். பஞ்சாயத்து ஆபீஸின் படியேறி, கதவுக்கு வெளியே, பெரியப்பா கண்ணுக்குப் படாமல் சுவரோரம் நின்றார். வழக்கத்தை அப்போதும் மீறவில்லை. உள்ளே இருந்த கிளார்க்கைப் பார்த்துப் பேசினார்.

"கிளார்க்கு ஐயா, எழுதிக்குங்க. பொம்பள மெம்பருக்கு இந்த எடத்துல ஆட்சேபண இருக்குது."

ஓவர்சியர்தான் கேட்டார். "தீர்மானத்துல உங்க கையெழுத்து இருக்கே அம்மா?"

"இருக்குது. அது என்னுதுதான். படிக்காம போட்டது என் தப்பு. அதையும் சேத்து எழுதுங்க. மேலத்தெருவுல ரெண்டு கெணறு இருக்குது, கீழத்தெருவுல ஒண்ணும் இல்ல. வேணும்னா ஏரிக்குள்ள வந்து பாருங்க, பொம்பளைங்க ஊத்துல மொண்டுக்கினு இருக்கறாங்க."

பெரியப்பா சுவரைப் பார்த்து, "ஊட்டுக்குப் போவச் சொல்லுப்பா" என்றார்.

அம்மா கிளார்க்கைப் பார்த்து, "எழுதி முடிச்சதும் போறேன்னு சொல்லுங்க" என்றார். கிளார்க்கு எழுதி முடித்து வாய்விட்டுப் படித்துக் காட்டும்வரை அவர் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

ஓவர்சியர் நல்ல மனிதர். ஏரிக்குப் போய்ப் பார்த்தார். ஆனால் அவர் சொன்ன முடிவு எல்லோருக்கும் இடியாக இருந்தது. மெம்பர்கள் ஒரு மாதத்துக்குள் ஒரே இடத்துக்கு ஒத்துவராவிட்டால், பணம் வேறு ஊருக்குப் போய்விடும். அப்படியானால் ஊருக்குக் கிணறே இல்லை. அம்மா கேட்டது கிணற்றை மாற்றி வெட்ட, நடக்கவிருந்தது கிணறே இல்லாமல் போவது. பெரியப்பாவும் இறங்கி வர மறுத்தார். தம்பி பெண்சாதி பேச்சுக்குப் பிரசிடெண்ட் வளைந்தான் என்று ஊர் சொல்லும் என்பது அவர் கவலை.

கடைசியில் அப்பா வழியாக ஒரு பேச்சு வந்தது. இந்தத் தடவை அப்பா உர மூட்டையைப் பேசவில்லை. தீர்மானத்தைப் பெரியப்பா மாற்றி எழுதுவார். அதற்குப் பதிலாக, அம்மா உயிரோடு இருக்கும்வரை பஞ்சாயத்து ஆபீஸ் படி ஏறக் கூடாது. கீழத்தெருவில் கால் வைக்கக் கூடாது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் அவர் மேல் படக் கூடாது, வாயிலும் படக் கூடாது. கிணற்றை வாங்கிக் கொடுத்தவர் என்று யாரும் அவரைக் கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவும்.

அம்மா ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, சுடரைக் கையால் அடித்துச் சத்தியம் செய்தார். பெரியப்பா கூடத்தில் நின்று கேட்டார். அம்மா கற்பூரத்தைப் பார்த்தே சொன்னார்.

கீழத்தெருவில் கிணறு வந்தது. பொங்கல் வைத்துப் பூசை போட்டுத் திறந்தார்கள், ஊரே போயிருந்தது. நானும் போனேன். அம்மா வீட்டில் தனியாக இருந்தார். அன்று சாயங்காலம் கிளார்க்கு புத்தகம் கொண்டு வந்தபோது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். அதன் பிறகு தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, புத்தகமும் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் கிளார்க்கு ஒரு மணி நேரம் வாசலில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பஸ்ஸுக்குப் போகும் நேர்வழி கீழத்தெரு வழியாகத்தான். அம்மா ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார். வைகாசியில் கருடசேவைக்குக் காஞ்சிபுரம் போகும்போதும் அப்படித்தான், நான் பிரசவத்துக்கு வந்திருந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அப்படித்தான். அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் இறந்தபோது தெருமுனையிலேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பினார். ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை.

"யாரும்மா பாக்கப் போறாங்க? போய் ஒரு வாய் குடிச்சிட்டு வா."

"யாரும் பாக்கலன்னா சத்தியம் இல்லாம போயிடுமா? அவங்க வூட்டுப் புள்ளைங்க நல்லா இருக்குதில்ல, போ."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று எழுதினால் இந்த மலர் அழகாக இருக்கும். ஆனால் ஏரிக்கரையில் நடக்கும்போது அந்தக் கிணற்று ராட்டினச் சத்தம் கேட்டால் அம்மா நின்றுவிடுவார். அந்த முகத்தைப் பார்த்தவள் நான். போதுமானதாக இல்லை.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலையில் படுத்தார். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். அஞ்சலை அக்கா தினமும் வந்தார். ஒருநாள் சின்னச் சொம்பு ஒன்றை மடியிலிருந்து எடுத்தார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, வேண்டாம் என்று தலையசைத்தார். "எப்டி இருக்கும், இனிப்பா? உப்பு கரிக்குமா?" என்று கேட்டார். "கல்கண்டுதாங்க சின்னம்மா" என்றார் அஞ்சலை அக்கா. அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அதற்கு மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டு வந்தோம், அன்றே போய்விட்டார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், பதினாறு நாளும் சோறு கொண்டு வந்த அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவுக்கும், பந்தல் முதல் பாடை வரை பொறுப்பேற்றுச் செய்த மேலத்தெருப் பிள்ளைகளுக்கும், கருமாதி வரை துணை நின்ற உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. அம்மா போன மறுநாள் காலை அவரைக் குளிப்பாட்ட நீர் எடுக்கக் கிளம்பியபோது, கீழத்தெருப் பெண்கள் பதினொரு பேர் தலையில் குடத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் அழைக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டுப் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். "என்ன தண்ணி?" என்று கேட்டார்.

அஞ்சலை அக்கா குடத்தை இறக்காமலே சொன்னார். "எங்க கெணத்துத் தண்ணிதாங்க. சின்னம்மா செஞ்ச சத்தியம் அவங்க உசுரோட போயிடுச்சிங்க. இனிமே ஊத்தலாம்."

பெரியப்பா எழுந்து நாற்காலியை ஓரமாக நகர்த்தினார். பதினொரு குடமும் உள்ளே வந்தன. எங்கள் அம்மா கேட்டு வாங்கிய தண்ணீர் அன்றைக்குத்தான் எங்கள் அம்மாவின் மேல் பட்டது. அதைச் சுமந்து வந்தவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.