ஆறு பெட்டியிலும் சத்தம் வருதுங்களா?

வாடகை பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெருக்கியதும் துடைத்ததும் கண்ணுக்குத் தெரியும். ஸ்பீக்கரைச் சோதிப்பது மட்டும் காதை நம்பிச் செய்கிற வேலை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதை எங்கேயாவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்துப் பார்த்தே எழுதுகிறேன். அடுத்தவர் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உடையாத சாமானுக்கும் சேர்த்துப் பயப்படுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்குப் புரியும்.

ஏற்காட்டில் நான் பார்த்துக்கொள்ளும் பங்களா ஹாலில் பெரிய டிவி இருக்கிறது. டிவி பக்கம் மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் ஊஃபர் என்கிற பெரிய பெட்டி. ரிமோட்டில் சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றிலும் வரிசையாக 'ஷ்ஷ்' என்று வரும். விருந்தாளிகள் வருவதற்கு முன்பு அதைக் கேட்டுவிட்டு, சேலத்தில் இருக்கும் முதலாளிக்குப் போனில் சொல்ல வேண்டும். பங்களாவுக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில்தான் நானும் என் மகளும் குடியிருக்கிறோம். வேலை போனால் அந்த அறையும் போய்விடும்.

மழை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நல்ல மழை. சோபாவின் முதுகுப் பக்கம் இருக்கும் முன் வராந்தாவுக்குத் தகரக் கூரை. பொத்தானை அழுத்தினேன். 'ஷ்ஷ்' முன்னாலும் கேட்டது, பின்னாலும் கேட்டது. எல்லாம் வருதுங்க என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, மெத்தை விரிப்பு மாற்றப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்த சென்னைக்காரர் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்களில் ஒன்றுமே வரவில்லை என்றார். நான் விடவில்லை. மறுபடியும் பொத்தானை அழுத்தி, "இதோ வருதுங்களே, நல்லாக் கேளுங்க" என்று பின்பக்கம் கையைக் காட்டினேன். அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி, நனைந்த கையோடு திரும்பி வந்தார். "அக்கா, இது வெளியில பெய்யுது. இதுக்குமா வாடகை?"

எந்தப் பக்கம்

இந்த ஊர்ப் பனி ஜன்னல் சந்து வழியாகவும் உள்ளே வந்துவிடும். ஒயர் முனையெல்லாம் பச்சை பிடித்துவிடுகிறது. பின்னால் இருந்த இரண்டையும் சரிசெய்த சில மாதத்திலேயே, அப்படித்தான் அதில் ஒன்று மறுபடி நின்றுபோனது. எந்தப் பக்கம் என்று முதலாளி கேட்டார். நன்றாகப் பார்த்து, ஒருமுறைக்கு இருமுறை சாப்பிடும் கையை வேறு தூக்கிப் பார்த்து, இடது பக்கம் என்று சொன்னேன்.

ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கும் குமார் சேலத்திலிருந்து வளைவு வளைவாக வண்டியில் ஏறி வந்து, இடது பக்கத்தைப் பிரித்துப் போட்டு, வியர்க்க வியர்க்கத் துடைத்து மாட்டினான். அது நன்றாகத்தான் இருந்தது. போனது வலது. "எங்க நின்னு பாத்தீங்க?" என்று கேட்டான். ரிமோட் டிவி மேசை மேல் இருப்பதால், டிவிக்கு முதுகைக் காட்டி, சோபாவைப் பார்த்துக்கொண்டுதான் நான் எப்போதும் நிற்பேன். நின்று காட்டினேன். ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். "ஏனுங்க அக்கா, படம் பாக்கறவங்க சோபாவுல உக்காருவாங்க. நீங்க படத்துக்குள்ள இருந்து பாத்தா நான் என்னங்க பண்ணட்டும்?"

குதிரை

அதற்கப்புறம் 'ஷ்ஷ்' மட்டும் போதாது என்று முதலாளி ஒரு வீடியோ அனுப்பினார். அதில் ஒரு குதிரை பின்னாலிருந்து ஓடி வந்து முன்னால் போகும். நான் ரிமோட்டோடு நிற்க வேண்டியிருந்ததால், சோபாவில் உட்கார ஆள் வேண்டும் என்று வாட்ச்மேன் மாரி அண்ணனைக் கூப்பிட்டேன். காட்டு மாடு பங்களா கேட் பக்கம் வந்தால்கூட டார்ச் அடித்து விரட்டுகிற மனுஷன். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கௌரவமாக உட்கார்ந்தார்.

குளம்புச் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்ததுதான் தெரியும். டீ டம்ளரைப் போட்டுவிட்டு ஆள் வாசலைத் தாண்டிவிட்டார். கூப்பிட்டாலும் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே இருந்து தலையை மட்டும் நீட்டினார். "ஏம்மா சரோஜா, அது போயிருச்சான்னு பாத்துச் சொல்லு. அப்பறம் வாரேன்."

கிழிந்த ஊஃபர்

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் ஆறேழு பையன்கள் வந்து தங்கிப் பாட்டுப் போட்டு ஆடிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபின் சோதித்தால், ஊஃபரில் 'தும்' என்று வர வேண்டியது பழைய துணி கிழிவது மாதிரி 'பர்ர்' என்றது. குமார் வந்து முன்மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த கறுப்புத் தட்டு ஓரத்தில் கிழிந்து தொங்கியது.

பையன்களிடம் முதலாளி போனில் கேட்டதற்கு, நாங்கள் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் வந்த அன்று காலையில் நான் சோதித்தபோது நன்றாக இருந்தது என்றேன். யார் கேட்டது? நானும் சுவரும்தான். மகளுக்குப் பரீட்சை நேரம். அறையைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் முதலாளி மறுபடி கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "சரோஜா, ஒண்ணு நீ சோதிக்காமலே சரின்னு சொல்லியிருக்கே, இல்லைன்னா நீயே கிழிச்சிருக்கே. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லிடு."

வந்தவுடன் சோபா

புது ஊஃபர் வந்த நாளிலிருந்து, விருந்தாளிகள் பையை இறக்கும் முன்பே சோபாவில் உட்கார வைக்கிறேன். ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் வர வர, அவர்கள் "வருது" என்று சொல்ல வேண்டும். ஊஃபர் வரைக்கும் போனில் வீடியோ எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிடுகிறேன். கிளம்பும்போதும் அதேதான். முகம் சுளிக்கிறார்கள், சலித்துக்கொள்கிறார்கள், சுளிக்கட்டும். முதல் வீடியோவுக்கு முதலாளி பதில் போடவில்லை. ஆனால் இரண்டில் எது என்று அதற்கப்புறம் கேட்கவும் இல்லை.

போன வாரம் ஈரோட்டிலிருந்து வந்த அம்மா ஒருவர், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துத் துவண்டுபோய் இறங்கினார். அவரையும் உட்கார வைத்தேன். ஆறுக்கும் "வருதுங்க, வருதுங்க" என்று முனகிவிட்டு, என் போனைப் பார்த்தே சொன்னார்: "ஏனுங்க, மலையேறி வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம ஷ்ஷு குடுக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா இது?"

ஆக, சத்தம் வருகிறதா என்று நான் இப்போதெல்லாம் காது கொடுத்துக் கேட்பதே இல்லை. வருகிறது என்று அவர்கள் வாயால் சொல்வதை மட்டும் ஒழுங்காகப் படம்பிடித்துவிடுகிறேன்.