இரண்டு தண்ணீர்க் கான்கள்

மண்டைதீவுக் கரையில் மரியதாசனும் அவனுடைய தம்பி அன்ரனிதாஸும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தார்கள். கடலுக்குக் கொண்டுபோகும் தண்ணீர் இருவருக்கும் ஒரே கானில்தான் இருக்கும். 2003ஆம் ஆண்டு மாரிகாலத்தில், வலையை விரித்து முடிக்குமுன்பே அந்தக் கான் வெறுமையாகத் தொடங்கியது. குடித்து முடிப்பவன் அன்ரனிதாஸ்.

"கடலிலை உப்பு இல்லாட்டில் அதையும் விடமாட்டாய் போல கிடக்கு," என்று அண்ணன் சிரிப்பான்.

தம்பியின் காலில் முள் கீறிய புண் ஆறாமற்போனபோது அந்தச் சிரிப்பு நின்றது. பட்டணத்து வைத்தியசாலையில் அவனுடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். சீனி மிகுந்திருந்தது. அதோடு, ஈரலில் ஒரு வைரசு நெடுங்காலமாகக் குடியிருப்பதும் தெரியவந்தது. அது இரத்தத்தால் தொற்றுவது என்றும், அது தங்கிவிட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல் என்றும் வைத்தியர் சொன்னார்.

மறுநாள் வள்ளத்தில் இரண்டு கான்கள் இருந்தன. கரையில் நின்ற அண்ணன் மனைவி யூலியானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குறை நினையாதையும் தம்பி. பிள்ளையள் இருக்கிற வீடு."

"தண்ணியாலை தொத்தாது அண்ணி. டொக்டரே சொன்னவர்."

"டொக்டரே எங்கடை வீட்டிலை சீவிக்கிறார்?"

மரியதாசன் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி சொன்னது அன்ரனிதாஸுக்குப் பெரிதாகப் படவில்லை. அண்ணன் பேசாதிருந்ததுதான் நெஞ்சைத் தைத்தது. இன்று கான் வேறானது; நாளை வள்ளமும் வேறாகுமோ? புண் காலோடு தனியொருவனாய் வலை இழுக்க அவனால் ஏலாது. வேறு எவன் அவனைத் தன் வள்ளத்தில் ஏற்றுவான்?

அடுத்த முறை போனபோது வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார்: "ஆரோடையாவது சவர பிளேட் மாறிப் பாவிச்சனீரோ?"

1995 கடைசியில் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த நாள்கள் அவனுக்கு நினைவுக்கு வந்தன. அங்கே கிடைத்தது ஒரே பிளேட். அண்ணன் முதலில் வழிப்பான், பிறகு தம்பி. அப்போது கண் மஞ்சளாகிப் படுக்கையில் விழுந்தவன் அண்ணன்தான். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக் கழுவித் துடைத்த தம்பிக்குக் காய்ச்சல்கூட வரவில்லை.

அவன் அதைச் சொல்ல, வைத்தியர் அண்ணனையும் அழைத்துச் சோதித்தார். வைரசு இல்லை, வந்துபோனதன் அடையாளம் மட்டும் இருந்தது.

"மஞ்சள் வந்தது எனக்கு. ஈரல் வருத்தம் மட்டும் இவனுக்கோ?" என்றான் மரியதாசன்.

"உம்மடை உடம்பு எதிர்த்துச் சண்டை பிடிச்சபடியாலைதான் கண் மஞ்சளானது. இவரின்ரை உடம்பு சத்தமில்லாமல் இடம் குடுத்திட்டுது. ஒரு தாய் வயித்துப் பிள்ளையள் எண்டாலும், கிருமியை இனங்காணுற பரம்பரைக்கூறு ஆளுக்காள் வேறை. அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். முடிவாச் சொல்ல ஏலாது."

"அப்ப நான்தான் இவனுக்குக் குடுத்தனானோ?"

"அதையும் சொல்ல ஏலாது."



அடுத்த நாள் வள்ளத்தில் ஒரு கான்தான் இருந்தது. யூலியானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ பேசாமலிரு. அண்டைக்கு என்ரை பீமூத்திரம் அள்ளினவன் இவன்."

வலை விரித்தபின் மரியதாசன் கானை நீட்டினான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தபோதும் அன்ரனிதாஸ் அதை வாங்கவில்லை.

"முதல் நீ குடி அண்ணை. எப்பவும் நீதானே முதல்."

சொன்ன பிறகுதான் அந்த பிளேட் இருவருக்கும் நினைவுக்கு வந்தது. மரியதாசன் கானை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தான். அவன் குடிக்கவுமில்லை, அதைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை. கடைசியில் அன்ரனிதாஸே கானை எடுத்துக் குடித்தான். எவ்வளவு குடித்தும் தாகம் அடங்கவில்லை.