வெறிநாய்க்கு மூன்று தோட்டா

எங்கள் பனியன் கம்பெனி முதலாளி போன வருஷம் ஒரு பழைய போலீஸ் ரிவால்வரை வாங்கினார். லைசென்ஸ், ரசீது எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதன்மேல் அவர் கட்டிய கதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் அங்கே ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்க்கிறேன். படித்தது வரலாற்றில் முதுகலை. அந்தப் பட்டத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்காதவர் அன்றைக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

“ஏனுங் மேடம், நீங்க ஹிஸ்டரி படிச்சவிங்கதானுங்களே? இது வெள்ளைக்கார போலீஸ் துரை வெச்சிருந்ததுங்க. சுதந்திரப் போராட்டத்துல கூட்டத்தைப் பாத்துச் சுட்டதுங்களாமா. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பிரேம் போட்டு ஷோரூம்ல வெச்சா சரக்கு வாங்க வர்ற பையருங்க வாயப் பொளப்பாங்க.”

அந்தக் கூட்டத்தில் தன் ஊர்க்காரனும் நின்றிருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. துரை கையில் இருந்தது என்பதே போதும், நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மேஜைமேல் ரிவால்வர் புதுப் பாத்திரம்போல மின்னியது. மெஷின் மெக்கானிக்கிடம் கொடுத்து பஃபிங் சக்கரத்தில் தேய்த்திருந்தார். எண்கள் பாதி அழிந்துபோயிருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு நான் ஊர் சுற்ற முடியாது. செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து படித்தேன். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் பளபளப்பைத் தேடுவதில்லை. முதல் பூச்சு அப்படியே இருக்க வேண்டும், முத்திரை தெளிவாக இருக்க வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காகிதம் பேச வேண்டும். முதல் இரண்டையும் முதலாளி ஒரே மத்தியானத்தில் தேய்த்துத் தள்ளியிருந்தார்.

உடுமலைப்பேட்டையில், போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அம்மிணி, இந்த மூலையில பாருங்க. தேஞ்சும் மங்கலாத் தெரியுது, அசோகச் சக்கரம். இது சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம நாட்டுல செஞ்சதுங்க. துரை இதை எங்கீங்க புடிச்சிருப்பாரு?”

பிறகு உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். தன் கையில் வந்த ஆயுதங்களின் எண்களை அவர் தனக்கென்று எழுதி வைத்திருந்தார். அழியாமல் மிஞ்சிய இலக்கங்களை வைத்துப் பொறுமையாகத் தேடி, ஒரு வரியில் விரல் வைத்தார்.

“இதேதானுங்க. பூரா காலமும் பெட்டியிலதான் கிடந்துச்சு. சுட்டது ஒரே தடவை. அவிநாசிப் பக்கம் ஒரு வெறிநாய். மூணு ரவுண்டு போட்டும் ஒண்ணும் படலீங்க. நாய் ஓடிப்போச்சு. வந்து நாந்தான் தொடச்சு வெச்சேன்.”

“சேகரிக்கிறவங்க வாங்குவாங்களாங்க?”

“இப்படித் தேய்ச்சப்புறமா? எடைக்குத்தானுங்க போகும்.”

அத்தனையையும் இரண்டு பக்கத்தில் எழுதி மேஜையில் வைத்தேன். முதலாளி படித்துவிட்டு முகம் சுளித்தார்.

“நாய்னு போட்டா அசிங்கமுங்க மேடம். கலவரம்னு மாத்திக் குடுங்க.”

“நடக்காததை எழுத மாட்டேனுங்க.”

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். விளம்பரம் செய்பவர் ஒருவர் துரை, குதிரை, ரத்தம் எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டியில், மூங்கில் நூல் டீ ஷர்ட்டுகளுக்குப் பக்கத்தில் ரிவால்வர் ஏறியது.

அடுத்த மாதம் பையர் தரப்பிலிருந்து ஆடிட் செய்ய தமிழ் தெரியாத ஒரு பெண் வந்தாள். கழிப்பறை, தீயணைப்பான், கையுறை எல்லாம் பார்த்துவிட்டு ஷோரூமுக்கு வந்து நின்றாள். பிரேமில் இருந்த ஒரு வரியைக்கூட அவள் படிக்கவில்லை. தொழிலாளர்கள் வேலை செய்யும் கட்டடத்தில் ஆயுதம் இருக்கிறது என்று அறிக்கையில் குறித்தாள். முதலாளி பதறிப்போய், “டம்மிங்க மேடம், சும்மா அழகுக்கு வெச்சதுங்க” என்று தமிழிலேயே கெஞ்சினார். வெள்ளைக்கார துரையின் துப்பாக்கி அரை நிமிஷத்தில் பொம்மையாகிவிட்டது.

அன்று சாயங்காலமே அதைத் துணிப்பையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை.