மன்றாட்டில் முதலில் என் பெயர்

சென்ற ஆண்டு, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வாரம், ஒரு செவ்வாய் மாலையில், என் மகளை நானே வீட்டை விட்டு அனுப்பினேன். கை ஓங்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. செபம் செய்தேன், அவ்வளவுதான். உடன்பிறப்புகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த வெட்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திண்டுக்கல்லில் ஒரு நாளிதழில் பதினெட்டு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவள் நான். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது தொழில். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவேன். கணவர் சேவியர் செருப்பைக் கழற்றிப் போடும் இடம், மகள் ஜெனி துணி மடிக்கும் விதம், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு திருத்தம் இருந்தது. வங்கித் தேர்வுப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, ஆயக்குடியில் கொய்யாக் கூழ் தயாரிக்கும் சிறிய ஆலையில் வேலைக்குச் சேரப் போவதாக ஜெனி சொன்னாள். என்னால் தாங்க முடியவில்லை.

அந்தச் செவ்வாய் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். தெருவில் ஏழு வீடுகள், வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துச் செபிக்கக் கூடுவோம். விவிலிய வாசகம் முடிந்ததும் ஒவ்வொருவராக வாய்விட்டு மன்றாடுவோம். மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். என் முறை வந்தது. "பெற்றவள் கண்ணீரைப் பாராமல் தன் போக்கில் போகும் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தந்தருளும்" என்றேன். பதினான்கு பேரும் பதில் சொன்னார்கள். தேநீர்த் தட்டோடு நின்ற ஜெனி தட்டைக் கீழே வைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் சொன்னாள்: "நீ செபம் பண்ணலம்மா. ஊரக் கூட்டி வச்சு, சாமி பேரச் சொல்லி என்னய வையிற."

மறுநாள் காலை பையோடு ஆயக்குடிக்குப் போய்விட்டாள். என் அழைப்பை எடுக்கவில்லை. ஆலை நடத்தும் பெண்ணிடம் பேசினேன். "ஏனுங்கக்கா, பிள்ளை நல்லாத்தான் இருக்குதுங்க. உங்ககிட்டப் பேசச் சொன்னா மட்டும் எந்திரிச்சுப் போயிருதுங்க" என்றார்.

ஒன்பது நாள் நவநாள் செபம் வைத்தேன். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். ஆண்டவரே, அவள் மனதைத் திருப்பும் என்று அழுதேன். நான்கு வாரம். ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. இனி என்னோடு பேசாமலே இருந்துவிடுவாளோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

நான்காம் வாரக் கூட்டம் பக்கத்து வீட்டு லூர்து அக்கா வீட்டில். எனக்கு முன்னால் அக்கா மன்றாடினார்: "பெரியவங்கள மதிக்காத மருமகளுக்கு மரியாதையக் கத்துக்குடும் ஆண்டவரே." மருமகள் ஸ்டெல்லா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தட்டைக் கீழே வைத்தபோது ஜெனிக்கு இருந்த முகம். அதற்குள் என் வாய் எல்லாரோடும் சேர்ந்து பதில் சொல்லி முடித்திருந்தது.

அடுத்து என் முறை. ஜெனிக்கான மன்றாட்டை வரிவரியாகத் தயாரித்து வந்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "ஆண்டவரே, உம் முன்னால் என் பிள்ளையை அவமானப்படுத்தினேன். என் நாவை அடக்க எனக்கு வழி தெரியவில்லை. காட்டியருளும்."

முதலில் பதில் சொன்னது ஸ்டெல்லாவின் குரல்.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியாது. நான் தயாரிக்கவில்லை. அதை உறுதியாகச் சொல்வேன்.

அன்று முதல் கூட்டத்தில் எனக்காக மட்டுமே மன்றாடினேன். வீட்டில் திருத்தம் நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் "காட்டியருளும்" என்று சொல்லி விழுங்கினேன். மூன்றாம் நாள் சேவியர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலா? செருப்பு குறுக்க கெடக்கு, நீ ஒண்ணும் சொல்லலயே!" மறுநாள் செருப்பு ஓரமாக இருந்தது. இருபத்தைந்து வருடம் என் பேச்சுக்கு நகராத செருப்பு.

யாருக்கும் நான் புத்தி சொல்லவில்லை. ஆறாம் வாரம் லூர்து அக்கா மன்றாடினார்: "ஆண்டவரே, நானும் என் மருமகள அம்புட்டுப் பேசியிருக்கேன். எனக்குப் பொறுமையக் குடும்."

ஏழாம் வாரம், புனித வாரச் செவ்வாய். முறை சுற்றி மீண்டும் எங்கள் வீடு. வாசகத்தின் நடுவில் ஜெனி வந்தாள், கையில் ஒரு பை கொய்யாவோடு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். நான் என்ன சொல்வேன் என்று பார்க்க வந்திருக்கிறாள். பழைய பாட்டையே பாடினால் அப்படியே திரும்பிப் போய்விடுவாள். "எனக்கு விளங்காத வேலையையும் மதிக்கும் மனதை எனக்குத் தாரும்" என்றேன்.

செருப்பு கழலும் சத்தம் கேட்டது. அதன் பிறகு, பதிலுரையில் அவள் குரல்.

"நீ மாறிட்டன்னு ஸ்டெல்லா போன்ல சொன்னா, நம்பல. நேர்லயே பாத்துருவோம்னு வந்தேன்" என்றாள் ஜெனி. இன்றும் ஆயக்குடியில்தான் வேலை. சனிக்கிழமைகளில் வருகிறாள். போனில் கேலி செய்கிறாள்: "இன்னைக்குக் கூட்டத்துல யாரு தலைய உருட்டப் போறம்மா?"

"என் தலையத்தான்டி."

அவளைத் திருப்பும் என்று கேட்டேன். ஆண்டவர் என் வாயிலிருந்து தொடங்கி, செருப்பு, அடுத்த வீடு என்று போய், அறுபது கிலோமீட்டர் தாண்டி அவளைத் தொட்டார். அவருக்கு நன்றி.

உங்கள் வாசலிலும் யாரோ செருப்பைக் கழற்றாமல் நிற்கலாம். அடுத்த முறை அவருக்காக மன்றாட எழும்போது, முதலில் உங்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஆண்டவர் கேட்கிறார்.