ஒளித்து வைத்த பட்டறை

சிம்பாங் பூலாய்ச் சந்திப்பில் உள்ள நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடையில், நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்போதும் நின்றபடியே உண்பவர்கள் சிலர் உண்டு. கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றி வரும் லோரிக்காரர்கள் அவர்கள். கிழிந்த சீட்டில் அமர்ந்து மலைவளைவுகளைக் கடந்து வந்த இடுப்பு, இன்னொரு முறை உட்கார எளிதில் இசைவதில்லை. கடையில் எல்லாருக்கும் பழகிப்போன இந்தக் காட்சியைப் பற்றி வாய் திறந்து கேட்டவள், நாகூர் மீரானின் மனைவி சாலிஹா ஒருத்திதான்.

"என்னாண்ணே, நாற்காலிக்கு வாடகையா கேக்கறோம்? உக்காந்து தின்னுங்க" என்றாள், ராஜு என்னும் ஓட்டுநரிடம்.

"உக்காந்தா நீதான்க்கா தூக்கி விடணும். என் சீட்டுல எந்தக் கம்பி எங்க இருக்குன்னு என் முதுகுக்குத்தான் தெரியும்லா."

"மாத்தித் தரச் சொல்லி உங்க மொதலாளி தவுக்கேகிட்ட கேக்கறது?"

"மாத்துவான், மாத்துவான். நான் செத்த மறுநாளு."

சாலிஹா சிரித்தாள். ஆனால் அடுப்படிக்குத் திரும்பியபோது அவள் மனம் பத்து காஜா என்னும் ஊர்ப் பக்கம் போய்விட்டிருந்தது. ஒருவர் முறையிட, அதற்கு மருந்து இன்னொருவர் கையில் இருப்பதை உடனே நினைத்துக்கொள்ளும் மனம் அது. ஐம்பதை நெருங்கும் அவளுக்குப் பெரிய படிப்போ பெரும்பொருளோ இல்லை. யாரை யாரிடம் கொண்டுபோய் நிறுத்தினால் இருவருக்கும் நன்மை விளையும் என்ற கணக்கு மட்டும் அவளிடம் தப்புவதில்லை.

அந்தக் கணக்கை அவள் தன் வாழ்விலிருந்தே கற்றாள். கடைக்கென்று தான் அரைத்த மீன்கறித் தூளைப் பாக்கெட்டில் போட்டு விற்க ஒரு காலத்தில் ஆசைப்பட்டபோது, எந்த வாசலைத் தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈப்போ நகரில் துணிக்கடை நடத்திய விமலா, சிறுகடன் வாங்கித் தன் கடையை நிலைநிறுத்திக்கொண்டவள், சாலிஹாவின் கையைப் பிடித்து அந்தக் கடனைத் தந்த அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றாள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனுக்குப் புரவலன் இருக்கும் திசையைக் காட்டி அனுப்புவதை நம் பழம்புலவர்கள் ஓர் அறமாகவே பாடிவைத்தார்கள். விமலாவுக்கும் சாலிஹாவுக்கும் அந்தப் பாடல்கள் தெரியா. அறம் மட்டும் தெரிந்திருந்தது. தமிழ்ச் சிறுவணிகர் சிலர் கூடி அமைத்த உதவிக்குழுவில் சாலிஹா அன்று சேர்ந்தாள். ஞாயிறு பிற்பகல்களில் கடை ஓய்ந்ததும் மேசைகளை ஒதுக்கிவிட்டு, தோட்டப்புறத்து இளைஞர்களை வரவழைத்து, அவரவர் விரும்பும் தொழிலைக் கற்றுத் தரக்கூடியவர்களிடம் அனுப்பிவைப்பாள்.

"கடைக்கு வர்ற கூட்டத்தவிட உன்னப் பாக்க வர்ற கூட்டம் பெருசு. இவங்ககிட்ட தே தண்ணிக்குக் காசு வாங்கினா நான் ரெண்டாவது கடை போட்டிருப்பேன்" என்பார் நாகூர் மீரான்.

"போடுங்களேன். கடனுக்கு வழி நான் காட்டறேன்" என்பாள் அவள்.

அப்படி வந்தவள்தான் தினேஸ்வரி. பத்து காஜாவில், ரப்பர் தரும் பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில், தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டித் தந்த வரிசைவீடுகளில் ஒன்று அவளுடையது. தையல் தெரியும், ஆனால் ரவிக்கை தைத்துத் தைத்து அலுத்துவிட்டது என்றாள். சாலிஹா அவளை ஈப்போவில் சோபாக் கடை வைத்திருந்த ஆ ஹின்னிடம் கொண்டுபோய் விட்டாள். கடினமான ரெக்சினை இழுத்து மடித்துத் தைப்பதும், ஸ்பாஞ்சை உடலின் வளைவுக்கேற்ப அறுப்பதும் அவள் கைக்கு விரைவில் படிந்தன. ராஜுவின் முறையீடு சாலிஹாவின் காதில் விழுந்த பிறகு லோரிச் சீட்டுகள் தினேஸ்வரியின் வாசலுக்கு வரத் தொடங்கின. ஒரு சீட்டைக் கண்டு மறு ஓட்டுநர் வந்தார். அவளுடைய கணவன் யுகேந்திரன் கல்லுடைக்கும் ஆலையில் வேலை முடிந்து வந்ததும் பழைய சீட்டுகளைப் பிரித்துக் கொடுப்பான்.

இடையூறு வேறு பக்கத்திலிருந்து வந்தது. தடித்த தோலையும் தைக்கும் ஆ ஹின்னின் கனத்த மிசினை இரவல் வாங்கித்தான் இத்தனையும் நடந்தது. ஆ ஹின் கடையை மூடிவிட்டுப் பினாங்கிலிருக்கும் மகளிடம் போகப்போவதாகச் சொல்லிவிட்டார். மாத இறுதிக்குள் தினேஸ்வரி வாங்கிக்கொண்டால் மிசின் அவளுக்கு. இல்லையேல் தைப்பிங்கிலிருந்து ஆள் வந்து ஏற்றிப் போய்விடுவான். வீட்டுத் தையல் மிசினில் லோரிச் சீட்டைத் தைக்க முடியாது. மிசின் போனால் தொழிலும் போயிற்று. மிசினை வாங்க, விமலா காட்டிய அந்த அலுவலகத்திலேயே கடனுக்கு விண்ணப்பித்தாயிற்று. தொழில் நடப்பதைத் தம் கண்ணால் கண்டு எழுத ஓர் அதிகாரி வருவது ஒன்றே எஞ்சியிருந்தது.

அதிகாரி வரும் நாளுக்கு முந்திய நாள் தினேஸ்வரி தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, நாளைக்கு வாராராமே. என்னா செய்யட்டும்?"

சாலிஹாவின் ஒரு கை கறிச்சட்டியில் இருந்தது. "பயப்படாதம்மா. வீட்டச் சுத்தமா வச்சுக்க, போதும்."

மறுநாள் காலை அதிகாரி சுகுமாரன் தம் காரில் கடைக்கு வந்து, வழிகாட்ட அவளையும் ஏற்றிக்கொண்டார். முப்பதைத் தாண்டியிராத, மரியாதை தெரிந்த பிள்ளை. வழியெல்லாம் சாலிஹா தினேஸ்வரியின் பட்டறையை வருணித்துக்கொண்டே வந்தாள். போர்ட்டிகோ நிறையச் சீட்டுகள் குடலைச் சரியவிட்டுக் கிடக்கும், கால் வைக்க இடம் இராது, கோந்து வாடை மூக்கைத் துளைக்கும் என்றெல்லாம் சொன்னாள்.

கார் நின்றது. சாலிஹா இறங்கினாள், இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

போர்ட்டிகோ கழுவித் துடைத்துப் பளிங்குபோல் இருந்தது. அதன் நடுவே மாக்கோலம். சுவரோரம் கோயிலிலிருந்து கொண்டுவந்த நாற்காலிகள் வரிசையாக நின்றன. உள்ளேயிருந்து பாயச மணம் வந்தது. வடை பொரியும் ஓசை கேட்டது. யுகேந்திரன் கல்யாணத்தன்று போட்ட சட்டையில் திணறிக்கொண்டு நின்றான். தினேஸ்வரி பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு கைகூப்பினாள். ஒரு சீட்டு இல்லை, ஒரு துண்டு ஸ்பாஞ்சு இல்லை, ஊசிகூட இல்லை.

"வாங்க சார், உக்காருங்க. மொத சாப்பிடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றான் யுகேந்திரன்.

சுகுமாரனின் முகத்தில் சங்கடம் தெரிந்தது. "தப்பா நெனைக்காதீங்கண்ணே. விண்ணப்பம் போட்டவங்க வீட்ல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."

அந்த வீட்டுக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. தினேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. விடியுமுன் எழுந்து சமைத்தவள் அவள்.

"அவரு பங்கையும் சேத்து நான் குடிக்கிறேன், கொண்டா" என்று சாலிஹா ஒரு குவளைப் பாயசத்தை வாங்கி நிலைமையை ஒருவாறு நிறுத்திவைத்தாள்.

சுகுமாரன் சுற்றிலும் பார்த்தார். "தொழில் எங்கம்மா நடக்குது?"

"இங்கதான் சார்."

"இங்கன்னா?"

"இங்கதான்... அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். சும்மா சின்னதா செய்யறது" என்று தினேஸ்வரி நாணித் தலைகுனிந்தாள். தன் தொழிலைத் தானே உயர்த்திப் பேசுவது நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அழகில்லை என்று வளர்க்கப்பட்டவள் வேறென்ன சொல்வாள்?

சாலிஹா அவளைப் பின்கட்டுக்கு இழுத்துச் சென்றாள். "எங்கடி எல்லாம்?"

"எடுத்து ஒளிச்சு வச்சிட்டோம்க்கா. பெரிய மனுசர் வாற நேரத்துல வாசல்ல குப்பையா கெடக்கலாமா? பக்கத்து வீடுங்களுக்கெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டோம்."

"மிசின்?"

"கோயில்ல, பாத்திரம் வைக்கிற ரூம்ல. நாலு பேரு தூக்கினாங்க."

"யா அல்லாஹ்!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன சாலிஹாவுக்கு. சுத்தமாக வைத்துக்கொள் என்று சொன்ன வாய் தன் வாய்தானே! அந்த வரிசை முழுவதும் சேர்ந்து, விருந்தோம்பும் ஆர்வத்தில், விருந்தாளி காண வந்த ஒன்றையே கண்மறைவாக்கிவிட்டிருந்தது. வந்தவரோ உண்ணவும் கூடாதவர்.

போர்ட்டிகோவில் சுகுமாரன் எழுந்து நின்றிருந்தார். "அக்கா, நான் கொறை சொல்ல வரல. பாக்காதத பாத்தேன்னு எழுத முடியாதில்ல? அடுத்த சுத்துல பாப்போமே."

அடுத்த சுற்று அடுத்த ஆண்டு. அதற்குள் மிசின் தைப்பிங்கில் வேறொருவருக்குத் தைத்துக்கொண்டிருக்கும்.

"தம்பி, ஒரு தே தண்ணி ஆறுற நேரம் குடுங்க. இந்த வரிசைய விட்டு எதுவும் வெளிய போகல" என்றாள் சாலிஹா. பதிலுக்குக் காத்திராமல் தெருவில் இறங்கினாள். "எல்லாரும் வெளிய வாங்க! ஒளிச்சதெல்லாம் கொண்டாங்க!"

ஒரு கதவும் திறக்கவில்லை. சன்னல் துணிகள் மட்டும் அசைந்தன. அதிகாரி இருக்கும்போது அழுக்குச் சீட்டோடு வந்து தினேஸ்வரியின் மானத்தை வாங்குவார்களா அவர்கள்? சாலிஹா அடுத்த வீட்டுக் கதவைத் தானே தள்ளித் திறந்து, கட்டிலுக்கடியில் கிடந்த சீட்டொன்றை முக்காடு நழுவ இழுத்து வந்து, கோலத்தின் நடுவிலேயே போட்டாள். எல்லாரும் பார்த்துவிட்டார்கள்; இனி மறைத்து என்ன பயன்? அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

எதிர்வீட்டுச் சன்னாசி இரண்டு முதுகுச் சாய்மானங்களைக் காவடிபோல் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாப்பா என்பவள் ரெக்சின் சுருளைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் அணைத்து வந்தாள். ஸ்பாஞ்சுப் பொதிகள், கம்பிச்சுருள்கள், கோந்து டின் யாவும் வந்தன. கோயில் பக்கமிருந்து மிசின் நால்வர் தோளில், உற்சவமூர்த்தி எழுந்தருளுவதுபோல் ஆடி ஆடி வந்தது. "பாத்துலா, பாத்து! காலு, காலு!" என்று வழியெங்கும் கட்டியம். சுகுமாரன் கைப்பேசியை எடுத்தவர் படம் எடுக்க மறந்து நின்றார்.

அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு லோரி வந்து நின்றது. ஓட்டுநர் இடத்தில் பலகையொன்றைப் போட்டு அதன்மேல் அமர்ந்திருந்த ராஜு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"தினேஸு! என் சீட்டு எங்க? இன்னைக்கு வராதேன்னா என்னா அர்த்தம்? மலையேறணும்லா நானு!"

"அண்ணே, மெதுவா. ஆபீஸர் வந்திருக்காரு" என்று யுகேந்திரன் கெஞ்சினான்.

"யாரு வந்தா எனக்கென்ன? அவரு வந்து இந்தப் பலகையில உக்காந்து ஓட்டுவாரா? ஈப்போல ரெண்டு கடைக்காரன் தச்சுக் குடுத்தான், ரெண்டும் மலையேறி எறங்கறதுக்குள்ள பிஞ்சு போச்சு. மத்த லோரிக்காரங்களுக்கு இவ தச்சதுதான் நிக்குது. அதான் தொங்கிக்கிட்டு வாறேன்!"

கோபத்தில் சொன்ன இந்தச் சொற்களை சுகுமாரன் தலையசைத்தபடி கேட்டுக்கொண்டார். ஆனால் ராஜுவின் சீட்டை மட்டும் காணவில்லை. கடைசி வீட்டில் முத்தம்மா அதன்மேல் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ராத்திரிதான் குடுத்தாங்க, இன்னைக்கே புடுங்கறீங்க. எம் முட்டி வலியே தெரியலலா. நான் எந்திரிக்க மாட்டேன்."

"அது என் லோரி சீட்டுக்கா!"

"லோரியில இருந்தா ஒனக்கு. எங்கூட்டுல இருக்கு, எனக்கு."

முத்தம்மாவுக்கு அதேபோல் ஒரு நாற்காலி செய்து தருவதாகத் தினேஸ்வரி வாக்குக் கொடுத்த பின்னரே சீட்டு விடுதலையாயிற்று. அதில் ஒரு பக்கத் தையல் இன்னும் எஞ்சியிருந்தது. ராஜு நேரத்தைச் சொல்லிச் சொல்லி அவசரப்படுத்த, தினேஸ்வரி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிசின் முன் அமர்ந்தாள். அந்தக் கணமே அவளுடைய நாணம் எங்கோ போய்விட்டது. பற்களிடையே குண்டூசிகளைக் கடித்தபடி, யாரென்று நிமிர்ந்து பாராமலே ஆணையிட்டாள்.

"அண்ணே, அந்த முனையப் புடிங்க. இழுத்து. இன்னும் இழுத்து! என்னா இது, சோறு திங்கலையா?"

இழுத்துப் பிடித்தவர் சுகுமாரன். அவர் சோறு தின்னாத காரணம் எல்லாருக்கும் தெரியும். தெருவே சிரிப்பில் வெடித்தது. தினேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். மிசினை மட்டும் நிறுத்தவில்லை. சுகுமாரனும் ரெக்சினை விடவில்லை. வியர்வை வழிய, பிடித்த பிடியில் நின்று, தையல் முடிந்த பிறகே கைகளை உதறினார்.

"போதும்மா. எழுதறதுக்கு இதுக்கு மேல என்னா வேணும்? மிசின தைப்பிங்குக்கு விட்றாதீங்க" என்றார்.

கடன் கிடைத்தது, அந்த மாதம் முடியுமுன் மிசின் அவளுக்கே சொந்தமாயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அன்றைக்கு அந்த ஒரு வாக்கே போதுமானதாக இருந்தது. சமைத்ததெல்லாம் சீட்டுச் சுமந்து வந்தவர்களுக்கு இலைபோட்டுப் பரிமாறப்பட்டது. சுகுமாரன் இன்னொரு வீட்டைப் பார்க்க வேண்டுமென்று வெறும் வயிற்றோடு, வடை மணத்தைத் திரும்பித் திரும்பி முகர்ந்துகொண்டே புறப்பட்டார்.

சாலிஹா ராஜுவின் லோரியில் கடைக்குத் திரும்பினாள். ராஜு புதுச் சீட்டில் ஒரு சிற்றரசனைப்போல் சாய்ந்து ஓட்டினார். அவள் அமர்ந்த பக்கத்துச் சீட்டு பழையது. முதல் பள்ளத்திலேயே அதன் கம்பியொன்று அவளைக் குத்தியது. இரண்டாவது பள்ளத்தில் வேறோர் இடத்தில் குத்தியது.

"அண்ணே, இதயும் நாளைக்குக் கொண்டாந்து தினேஸுகிட்ட போடுங்க."

"அதுல யாருக்கா உக்காரப் போறா?"

"நான் உக்காந்திருக்கேன்ல? இன்னமே தோட்டத்துப் பக்கம் எல்லாம் உங்க லோரியிலதான் வருவேன். ஆயர் தாவார்ங்கற ஊர்ல ஒரு புள்ள கேக்கு செய்யுதாம். அது வீட்டுக்கு அடுத்த வாரம் போவணும்."

"நான் முட்டைக்கோசு ஏத்தறவன்க்கா!"

"அதுக்கென்ன, கேக்கும் ஏத்துங்க" என்று சொல்லி, அடுத்த பள்ளம் வருமுன் சாலிஹா கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.