மூடி வைத்த கட்டிங் மிஷின்

பனியன் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் கட்டிங் மிஷினுக்கு ஆள் பழக்கிக் கொடுப்பது என் தொழில். பழக்கிய ஆளை அந்த மிஷின் பக்கத்தில் விடவைப்பது யாருடைய தொழில் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படிக்கவைத்து வேலைக்கு அனுப்பிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் வாருங்கள், சேர்ந்தே புலம்புவோம்.

வாய்கூசாமல் சொன்னது

ஜெயராணி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண். ராயபுரத்தில் ஒரு கம்பெனியின் செக்கிங் மேஜையில் ஐந்து வருடம் நின்றபடியே, தைத்து வந்த பனியன்களில் ஓட்டை பார்த்தவள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலை வேண்டும் என்று எங்கள் சென்டருக்கு வந்தாள்.

பயிற்சி மூன்று மாதம். அதுவரை சம்பளம் கிடையாது. கூட வந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடித்தால் கட்டாயம் மிஷினில் உட்காரவைப்பார்கள்" என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டேன். அந்த அம்மா மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் சொன்னார்: "நீங்க சொல்லுதீங்க, நாங்க நம்புதோம் சார்."

சந்தனப் பொட்டு

அந்த பேட்சில் அவள்தான் முதல். நல்லூரில் புதிதாக மிஷின் வாங்கிய ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்த அன்று முதலாளி போன் செய்தார். மிஷின் அசையமாட்டேன் என்கிறதாம்.

போய்ப் பார்த்தால், குறுக்கே ஆள் வந்தால் மிஷினை நிறுத்துகிற சென்சார் கண்ணின் மேலேயே அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம். யாரோ எதிரில் நிற்பதாக எண்ணி மிஷின் மரியாதையாக நின்றுவிட்டது. "அதுல வைக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன் சார்" என்றாள் ஜெயராணி. அவள் பேச்சை யார் கேட்டார்கள்? நான் ஈரத்துணியை எடுத்ததும் முதலாளி பதறினார்: "பூசையில வெச்ச பொட்டுங்க சார், அதையப் போயித் தொடைக்கறீங்களே, ஆகுமுங்களா?"

பூப்போட்ட பெட்ஷீட்

ஆறு மாதம் கழித்துப் போனேன். மிஷின் மேல் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தியிருந்தது. ஜெயராணி செக்கிங் மேஜையில் நின்றுகொண்டிருந்தாள். இருபது வருடமாகக் கையால் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர், பொட்டை அழித்த அன்றோடு மிஷினின் ராசி போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். அழித்தவன் நான்.

ஆர்டர் தருகிற வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் பெட்ஷீட்டை எடுத்து, ஜெயராணிக்கு நீலக் கோட் மாட்டி, மிஷின் முன்னால் உட்காரவைப்பார்கள். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும் பெட்ஷீட், ஜெயராணி இரண்டும் பழைய இடத்துக்குப் போய்விடும். படித்த பெண்ணை இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். முதலாளி குரலைத் தாழ்த்தினார்: "மாஸ்டரு கோவிச்சுட்டுப் போயிட்டாருன்னா ஷிப்மெண்ட்டு நின்னு போயிருமுங்க. புள்ளைக்கு என்னங்க, நின்னு பழகுனதுதானுங்களே."

புது பேட்ச்

வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். ஏறி இறங்கிய நாலு கம்பெனியிலும் மாஸ்டர்கள் இருந்தார்கள். இதற்கிடையில் சென்டரில் சேர்க்கைக்கு ஆள் குறைந்துபோனது. ஆடிட் அன்று எடுத்த ஜெயராணியின் படத்தையே ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினோம். புதிதாக வருபவர்களிடம் நாலு வார்த்தை பேச அவளையும் கூப்பிட்டேன். வெட்கமில்லாமல்தான் கூப்பிட்டேன்.

முன்வரிசையில் ஒரு அம்மா, மகளின் கையைப் பிடித்தபடி, இதை முடித்தால் நிஜமாகவே மிஷினில் உட்காரவைப்பார்களா என்று அவளைக் கேட்டார். ஜெயராணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "ஒக்கார வைப்பாங்கக்கா, போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும்."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே மகளைச் சேர்த்துவிட்டார், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவன் நான்.