கம்பிக்காரர் நடந்த நிலம்

ஊர்க்கோடியில், பேருந்துப் பணிமனைச் சுவரை ஒட்டி இருக்கும் அந்த நிலத்தை உழுவதற்கு முன்னால் கம்பியால் குத்திப் பார்த்தாக வேண்டும். ஈரம் பார்ப்பதற்காக இல்லை, கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அந்த ஊரில் எந்தக் காலத்திலும் போர் நடந்ததில்லை. பஸ் டயர் வெடித்தாலே நாலு தெரு ஜனம் கூடிவிடுகிற ஊர் அது. இருந்தாலும், பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் இருந்துவிட்டு வந்த மனிதர், தம் நிலத்தில் கம்பி போடாமல் கலப்பையை இறக்க விட்டதே இல்லை. ஊர் அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர் வைத்தது. அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தார்.

அவர் மனைவிக்கு இந்தக் கூத்து கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. நிலத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனார். தார் ரோட்டில் அவள் பக்கத்திலேயே நடந்தார். வெயில் படாமல் அவள் மேல் குடையைச் சாய்த்துப் பிடித்தார். பணிமனை ஆட்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை. பரவாயில்லை, நல்ல இடத்தில்தான் வந்து விழுந்திருக்கிறோம் என்று அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வரப்பைத் தாண்டி மண்ணில் கால் வைத்ததும் ஆளே மாறிப்போனார். குடையை மடக்கி அவள் கையில் திணித்துவிட்டு முன்னால் போனார்.

"என் கால் பட்ட எடத்துலயே கால் வெச்சு வா. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாத."

பெரிய மகாராஜா, பின்னாலேயே வர வேண்டுமாம் என்று அவள் உள்ளுக்குள் கறுவினாள். வேண்டுமென்றே இரண்டு எட்டு தள்ளி வைத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவளைத் தூக்கி வந்து தம் காலடித் தடத்தில் நிறுத்தினார். அவ்வளவு பயம் எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் பட்டாளத்துச் சமையல்காரர். சில வருஷம் கழித்துச் சிநேகிதரைப் பார்க்க வந்தவர், அவர் குளிக்கப் போன நேரத்தில் சமையலறையில் வந்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டார். பழக்கதோஷம்.

"எங்களோட ஒருத்தன் இருந்தான்மா. குட்டின்னு கூப்பிடுவோம், ஆள் அவ்வளவுதான் இருப்பான். முன்னாடி உன் வீட்டுக்காரன் குத்திக்கிட்டே போறான், பின்னாடி குட்டி. காத்துல குட்டியோட தொப்பி பறந்துச்சு. அதப் புடிக்க ஒரு எட்டு பக்கத்துல வெச்சான். இவன் திரும்பிப் பாக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் காரம் என்றார். அன்றிலிருந்து அவள் அவர் தடத்தை விட்டு அரை அடி விலகவில்லை.

கோபம் போனாலும் ஆசை போகவில்லை. தார் ரோட்டில் நடந்தது மாதிரி, ஒரே ஒரு நாள், தன் சொந்த மண்ணிலும் இந்த மனிதர் பக்கத்தில் நடந்து போக வேண்டும். இதைவிடப் பெரிதாக அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. ஒவ்வொரு விதைப்பின்போதும் கேட்பாள். அவரும் நிலம் முழுக்கக் குத்தி முடித்து, "சுத்தம்" என்று அறிவித்துவிட்டு, "அடுத்த தடவ பாப்போம்" என்பார். கூலிக்கு வருகிறவர்கள் எங்கே நடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. அவள் மட்டும் பின்னால்தான் வர வேண்டும். தம் கம்பி மேல் அவருக்கு ஊருக்கெல்லாம் போதுமான நம்பிக்கை இருந்தது, அவளை நடக்கவிடும் அளவுக்கு இல்லை.

ஒரு தடவை அந்தக் கம்பியில் நிஜமாகவே ஏதோ தட்டுப்பட்டது. டங் என்று சத்தம். கம்பிக்காரர் கையை உயர்த்திக் குரல் கொடுத்தார். அவ்வளவுதான், ரோட்டில் பஸ் போகக் கூடாது, பணிமனையில் ஒருத்தர் இருக்கக் கூடாது, டிராக்டர்காரன் டிராக்டரை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். அந்தக் குரலுக்கு எல்லாரும் கட்டுப்பட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு குரல். அவர் குப்புறப் படுத்து, சமையலறைக் கரண்டியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். வெயில் ஏறியது. தூரத்தில் கூட்டத்தோடு நின்ற மனைவி திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடமாக இருந்தது.

மண்ணிலிருந்து ஒரு அலுமினியக் கெட்டில் வெளியே வந்தது. பட்டாளத்திலிருந்து அவர் ஆசையாகக் கொண்டுவந்த கெட்டில். கல்யாணமான புதிதில் அதை அடுப்பில் வைத்து மறந்து, அடி தீய்ந்துபோய், பயத்தில் அவளே கொண்டுபோய் ஆழமாகப் புதைத்தது; வருஷா வருஷம் உழுததில் மேலே வந்திருந்தது. திருட்டுப் போய்விட்டது என்று அவர் வருஷக்கணக்காகப் பழைய வேலைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சேறு அப்பிய முகத்தோடு எழுந்தவர் கெட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அடி கருகியிருக்கு" என்றார்.

பணிமனை முழுக்கச் சிரித்து உருண்டது. அவளும் சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. அவர் மட்டும் சிரிக்காமல் மிச்ச நிலத்தையும் குத்தி முடித்துவிட்டு, "சுத்தம்" என்றார். அன்று சாயங்காலம் அந்தக் கெட்டிலில்தான் டீ போடச் சொன்னார். ஒழுகியது. ஒழுகியதைக் குடித்துவிட்டு, பிரமாதம் என்றார்.

வயதானதும் நுரையீரல் மக்கர் செய்தது. வாசலுக்கு வந்து போனாலே மூச்சு வாங்கியது. நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வருஷ மழை முடிந்து, சோளம் விதைக்க உழ வேண்டும் என்று டிராக்டர்காரன் வந்து நின்றபோது, நாற்காலியில் இருந்தபடி கம்பி மாட்டியிருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி போய்க் கம்பியை எடுத்தாள்.

"கெளம்புங்க. நான் குத்துறேன், நீங்க பின்னால வாங்க."

"உனக்கு எங்க தெரியும்?"

"இத்தன வருஷமா உங்க முதுகையா பாத்துக்கிட்டு வந்தேன்? கையத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்."

டாக்டர் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு இரண்டு பேரும் குடையும் கம்பியுமாக ஆட்டோவில் போய் இறங்கினார்கள். அவள் முன்னால் போய்க் குத்த ஆரம்பித்தாள்.

"சாய்ச்சுக் குத்து. நேராக் குத்தினா மேல அமுக்கும், வெடிச்சிடும். பக்கவாட்டுல தொட்டுப் பாக்கணும்."

"சரி, சரி."

நோயாளியின் மனம் நோகக் கூடாதே என்றுதான் அவள் இறங்கினாள். மண்ணுக்கடியில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளுடைய சின்னக் காலடித் தடங்களில் தம் பெரிய பாதங்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி வைத்து வந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். ஏதாவது இருந்தால் என் காலடியிலேயே வெடித்துத் தொலையட்டும், அவர் வரைக்கும் போக வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான், இந்த மனிதர் இத்தனை காலமும் தன் முன்னால் இதையே நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறார் என்பது உறைத்தது. மகாராஜா என்று திட்டியதற்கு அப்போது வெட்கப்பட்டாள். அதன் பிறகு ஒரு சாண் விடாமல் ஒழுங்காகக் குத்தினாள்.

நடுநடுவே நின்று அவருக்கு மூச்சு விட நேரம் கொடுத்து, கடைசி வரப்புக்கு வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது.

"சுத்தம்" என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. நான் சொல்றேன்ல?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கி, தடத்துக்கு வெளியே, யார் காலும் படாத மண்ணில் வைத்தார். அடுத்த காலையும் வைத்தார். நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

குடையை விரித்து அவள் மேல் சாய்த்தார். திரும்பி நடந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் நடக்க அவள் காலுக்கு வரவில்லை. நாலு எட்டுக்கு ஒரு தடவை தானாகப் பின்தங்கிவிட்டாள்.

"என்ன, பின்னாடியே போற?"

"பழக்கம்" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் நின்று, அவள் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

அந்த வாரமே, உழவு தொடங்கும் முன்பே, சமையலறை ஜன்னல் ஓரத்து நாற்காலியில், அவள் டீ போட்டு எடுத்து வருவதற்குள் போய்விட்டார். பணிமனையில் அன்று பஸ் எடுக்காமல் எல்லாரும் வந்து நின்றார்கள். சமையல்காரர் தள்ளாத வயதில் வந்து, யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் போய் எல்லாருக்கும் உலை வைத்தார்.

சோளத்துக்குக் காலம் கடந்துகொண்டிருந்தது. டிராக்டர்காரன் வந்தான். வரப்போரம் எஞ்சினை அணைத்துவிட்டு, எப்போதும் கேட்பது போலவே கேட்டான்.

"அண்ணன் குத்திட்டாரா அண்ணி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் குத்தினேன். அண்ணன் நடந்து பாத்துட்டாரு."

"எங்க வரைக்கும்?"

"கடைசி வரைக்கும். என் பக்கத்துலயே நடந்து வந்தாரு" என்றாள். "நீ எறக்கு."